அரிசி அரைபடும் நேரம்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் அட்டையில் அவருடைய படத்துக்குக் கீழே "ஓயாத உழைப்பாளி" என்று போடலாம் என்றாள் மருமகள். அக்காவின் ஒரே மகள், பெங்களூரில் இருக்கிறாள். நான் வேண்டாம் என்றுவிட்டேன். அக்கா உழைத்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அந்த உழைப்புக்கு நடுவே தினமும் அரை மணி நேரம் தமக்கென்று எடுத்துக்கொண்டாரே, அதைத்தான் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. முதல் குற்றவாளி நான். ஆகையால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது வாசுதேவநல்லூரில். எனக்கு எட்டு வயது மூத்தவர். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவர்தான். தென்காசியில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் வேலை பார்த்தார். மகள் பத்தாவது படிக்கும்போது அத்தானும் தவறிவிட்டார். அந்த வருஷமே அக்கா வாசலில் "இட்லி மாவு கிடைக்கும்" என்று ஓர் அட்டையை மாட்டினார். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று அமையவில்லை. மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை போட்டுக்கொண்டு அக்கா வீட்டு மாடியிலேயே இருந்துவிட்டேன்.

அக்காவுக்குச் சர்க்கரை வந்தது. தினமும் அரை மணி நேரம் நடந்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். "உக்காரவே நேரம் இல்ல, இதுல நடக்க எங்கன போக?" என்று வீட்டுக்கு வந்து புலம்பினார் அக்கா. ஆனால் விட்டுவிடவில்லை. தம் வேலைக்குள்ளேயே ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்தார். உளுந்து அரைபடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தள்ளிவிட வேண்டும். அரிசி அப்படி இல்லை. போட்டுவிட்டால் அதுபாட்டுக்கு ஓடும். அந்த நேரம்தான் அக்காவின் நேரம். அரிசியைப் போட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். நான்கு ரத வீதியையும் ஒரு சுற்று, கோபுர வாசல் காற்றில் ஒரு நிமிஷம், பிறகு வீடு. வந்து சேரவும் மாவு பதமாக இருக்கும்.

கையில் எப்போதும் காலியாக ஓர் ஒயர் கூடை இருக்கும். எதற்கு என்று கேட்டேன்.

"வெறுங்கைய வீசிட்டுப் போனா, வேலவெட்டி இல்லாதவளோன்னு நெனைப்பாவலே. கூடை இருந்தா மார்க்கெட்டுக்குப் போறான்னு விட்டுருவாவ."

விட்டார்களா என்ன! "மதினி, தூரமா?" என்று ஒரு வாசலில் கேட்பார்கள். கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் சகுனத் தடையாம். அதனால் எங்கள் பக்கம் இப்படித்தான் கேட்பார்கள். "இங்கனதான்" என்பார் அக்கா. "அப்போ வரும்போது ஒரு கட்டு அரக்கீர வாங்கிட்டு வந்துருங்க." அடுத்த வாசலில் தையல் கடையில் கொடுத்த ஜாக்கெட். அதற்கடுத்த வாசலில் சாமிக்குப் பூ. காலிக் கூடையோடு போனவர் சுமையோடு திரும்புவார். ஒரு சாரல் நாளில், யாரோ சொல்லிவிட்ட வாழை இலைக்கட்டைத் தலைக்குக் குடையாகப் பிடித்தபடி தொப்பலாக நனைந்து வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊருக்கெல்லாம் நீ என்ன சம்பளம் இல்லாத வேலக்காரியா யக்கா?" என்று சத்தம் போட்டேன்.

போட்டதோடு நிற்கவில்லை. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ஓடாமல் மூலையில் கிடந்த டிரெட்மில்லைக் கேட்டு வாங்கிவந்து, மோட்டாரைச் சரிசெய்து, அடுப்படிக்கு அடுத்த அறையில் போட்டேன். எனக்கு ஏகப் பெருமை. வெயில் இல்லை, மழை இல்லை, கீரைக்கட்டும் இல்லை. நான் மனம் கோணக் கூடாதே என்று நாலு மாதம் அக்கா அதில் நடந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தார். அந்த நாலு மாதத்தில் அவருடைய பேச்சு குறைந்துபோனது. எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஒருநாள் காலையில் மாடியிலிருந்து இறங்கும்போது, "மிஷினு எப்படி யக்கா ஓடுது?" என்றேன்.

"நல்லாத்தாம்லே ஓடுது. வீட்டுக்குள்ள நடந்தா, தூரமான்னு கேக்க யாருலே இருக்கா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நீ கூட வாயேன்லே. அரிசி அரைபடுத நேரந்தான். தம்பி கூட வந்தா எனக்குக் கூடை எதுக்கு?"

"காலையிலயே ஆள் வந்து நிப்பாவ யக்கா. மிக்ஸியக் கையில வச்சிக்கிட்டு ஒரு நிமிசம் பொறுக்க மாட்டாவ. நாளைக்குப் பாப்போம்."

"சரிலே. கடையப் பாரு."

மறுநாள் அக்கா கூடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். எனக்குக் கோபம், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன் பிறகும் மூன்று நான்கு தடவை கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் நாளைக்கு என்றேன். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார். அவர் கூப்பிடாதது எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

கடைசியாக நடக்கப் போன அன்றும் அரிசியைப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார். தெற்கு ரத வீதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தார். ஒருமுறை கண்ணைத் திறந்து, "கடையப் பூட்டிட்டா வந்த?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஆள் வந்து நிப்பாவளேலே" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை.

கீரை வாங்கிவரச் சொல்லும் அந்த வீட்டு அம்மாள் துக்கம் கேட்க வந்தபோது, அவரிடம் நான் கொஞ்சம் கடுப்பாகவே கீரைக்கட்டுப் பேச்சை எடுத்தேன். அவர் அழுதுகொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, கீரைக்காரி எங்க வாசலுக்கே வருவா. வாங்கிட்டு வாங்கன்னு சொன்னா மதினி திரும்பி வரும்போதும் ஒரு தடவ நிப்பாவல்லா, நாலு வார்த்த பேசுவாவல்லா. அதுக்குத்தான் சொல்லுதது." அக்காவுக்கும் அது தெரிந்தே இருந்திருக்கும். தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

இப்போது எனக்கும் சர்க்கரை. நானும் தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். துக்கப்பட்டவன் என்று ஒருவரும் வாசலில் நிறுத்தி எதுவும் கேட்பதில்லை. திரும்பி வந்தால் வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. தனியாக இருக்கிறேன். அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அன்றைக்கு அக்காவைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிய தெற்கு ரத வீதிக்காரர்களுக்கு. ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நினைவாகப் போய் அணைத்த பக்கத்து வீட்டாருக்கு. இரவும் பகலும் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கு. ஆய்க்குடியிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் வந்து நின்ற சொந்தங்களுக்கு எல்லாம் என் கும்பிடு.

கடைசியாக என் கடைக்கு வருகிறவர்களுக்கு. தம்பிக்கு அத்தனை நாள் துக்கம் கிடையாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். எனக்குத்தான் ஷட்டரைத் தூக்கக் கை வரவில்லை. பதினாறு நாள் பூட்டியே கிடந்தது. உங்களில் ஒருவர்கூட வேறு கடைக்குப் போகவில்லை. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. "மெதுவாத் தாங்க அண்ணாச்சி, ஒண்ணும் அவசரமில்ல" என்றீர்கள். பதினாறு நாள் எனக்காகக் காத்திருந்தீர்கள். ஓர் அரை மணி நேரம் காத்திருக்க முடியுமா என்று நான் உங்களை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இருந்திருப்பீர்கள்.