திங்கட்கிழமைக் கையெழுத்து

அந்தச் சரக்குக் கம்பெனியில் எல்லோரும் அவரை பிரேக் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக லாரிகளுக்கு பிரேக் பார்க்கிறவர். வண்டி வாசலில் நுழையும் சத்தத்தை வைத்தே, எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அவ்வளவு கூர்மையான காது. ஆனால் அவர் சொல்வதைக் கேட்கத்தான் அங்கே ஒரு காதும் இல்லை.

ஒவ்வொரு வண்டியும் கிளம்பும் முன் ஒரு சோதனைத் தாள் எழுத வேண்டும் என்பது சட்டம். பிரேக், டயர், விளக்கு எல்லாவற்றையும் பார்த்து, தாளின் அடியில் சோதித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். தினமும் இப்படி நின்றுகொண்டிருந்தால் சரக்கு எப்போது போய்ச் சேருவது? அதனால் திங்கட்கிழமை காலையிலேயே ஒரு வாரத்துக்கான வெற்றுத் தாள்களைக் கட்டாக அவர் முன் வைத்துவிடுவார் மேனேஜர். அவரும் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு மொத்தத்துக்கும் போட்டுக் கொடுத்துவிடுவார். முதல் வருடம் இது சரியில்லை என்று முணுமுணுத்தார். அப்புறம், பேனா சரியில்லை என்று மட்டும் முணுமுணுத்தார்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், ஒரு லாரியின் பின்சக்கர பிரேக் டிரம்மில் விரிசல் இருப்பதைப் பார்த்தார். நேரே மேனேஜரிடம் போனார்.

"இந்த வண்டியை வெளிய விடாதீங்க சார். டிரம் விரிசல் விட்டுப்போச்சு."

"புதுசுக்குச் சொல்லியிருக்கேன், வந்துரும்."

"வர்ற வரைக்கும் வண்டி நிக்கணும் சார்."

"நிக்கும்ணே, நிக்கும். நீங்க போய்ப் பல்லைக் கவனிங்க."

மறுநாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க அவர் லீவு சொல்லியிருந்தார். பல் போய், வாய் நிறையப் பஞ்சோடு வீட்டில் சுருண்டு கிடந்தபோதுதான் சேதி வந்தது. அதே லாரி. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், ஸ்கூட்டரில் வந்த ஒரு பள்ளிக்கூட டீச்சரின் கால் மேல் ஏறிவிட்டது. டிரைவரை போலீஸ் கொண்டுபோய்விட்டது.

புதன்கிழமை, வீங்கிய கன்னத்தோடு வேலைக்குப் போனால், மேனேஜர் அறையில் கம்பெனி வக்கீல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க ஒண்ணும் புதுசா சொல்ல வேண்டாம். பிரேக் நல்லா இருந்துச்சு, தாள்ல உங்க கையெழுத்து இருக்கு. டிரைவர் வேகமா ஓட்டிட்டான். அவ்வளவுதான் கேஸ்," என்றார் வக்கீல்.

"நேத்து நான் இங்க வரவே இல்லையே சார்."

"காலையில ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிருப்பீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்க என்ன சார் இருக்கு? எட்டு மணிக்கெல்லாம் பல் டாக்டர் முன்னாடி வாயைப் பொளந்துகிட்டு இருந்தேன். பல்லு போனது எனக்குத் தெரியாதா?"

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, ரொம்பப் பேசினா முதல்ல மாட்டுறது நீங்கதான். பாக்காத வண்டியைப் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டது நானா?"

சுருக்கென்றது. உண்மைக்கு என்ன பதில் சொல்வது?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வெறும் தாள்ல கையெழுத்தா? கடையில ஒரு கத்திரிக்காய் வாங்கினா நாலு தடவை திருப்பிப் பாப்பீங்களே!"

"நீயுமா ஆரம்பிக்கிற?"

"ஆரம்பிக்கலைங்க. டிரைவர் பொண்டாட்டி வந்துட்டுப் போனா. அழக்கூட இல்ல. தாள்ல அண்ணன் கையெழுத்து இருக்கேன்னு நம்பித்தான் அவ புருஷன் வண்டியை எடுத்தாராம்."

அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடவுளிடம் ஏதாவது கேட்கலாம் என்று கண்ணை மூடினார். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. டீச்சர் கால் தேற வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை விடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். விசாரிக்கும் அதிகாரி வெளியே போயிருக்கிறார் என்றார்கள். பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். பத்து மணிக்குப் போனால், மனுவாக எழுதி வாருங்கள் என்றார் ஒருவர். எழுதிக்கொண்டு போனால், இன்னொருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "காணாமப் போனதுக்கா?" என்றார்.

"என் தப்பைச் சொல்ல வந்திருக்கேன்யா!" என்று கத்தியேவிட்டார் பிரேக் அண்ணன். "ஒத்துக்க வந்தவனையே இந்த அலை அலையவிட்டா, ஒத்துக்காதவனை எப்பப் பிடிப்பீங்க?"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்தார் அதிகாரி. அங்கேயேதான் இருந்திருக்கிறார். பொறுமையாகக் கேட்டார், எழுதிக்கொண்டார்.

"இதைச் சொன்னா உங்க மேலயும் கேஸ் வரும். தெரியுதா?"

"வரட்டும் சார். என் பங்கு எனக்கு. கம்பெனி பங்கையும் சேர்த்து அந்த டிரைவர் தலையில கட்டாதீங்க."

"முன்கூட்டியே கையெழுத்து வாங்குறாங்கன்னு எப்படி நம்புறது?"

"மேனேஜர் மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்க சார். ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஓடப்போற வண்டிக்கெல்லாம் என் கையெழுத்து இப்பவே இருக்கும்."

இருந்தது. மூன்று நாள் தாள்கள், கட்டிய நூலைக்கூடப் பிரிக்காமல். அதைக் கிழித்துப்போடக்கூட மேனேஜருக்குச் சோம்பல்.

வழக்கில் கம்பெனி முதலாளியும் மேனேஜரும் சேர்க்கப்பட்டார்கள், பிரேக் அண்ணனும்தான். டிரைவருக்கு ஜாமீன் கிடைத்தது. எல்லா லாரிகளையும் சோதித்து முடிக்கும்வரை ஒன்றும் நகரக் கூடாது என்று உத்தரவு வந்தது. பிரேக் அண்ணனை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

தன் சாமான் பையை எடுக்கப் போனபோது, வாசலில் சும்மா உட்கார்ந்திருந்த டிரைவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நல்லா செஞ்சீங்கண்ணே! எங்க எல்லார் பொழப்புலயும் மண்ணைப் போட்டுட்டீங்க."

அவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"திட்டுங்கடா, நல்லா திட்டுங்க. அதுக்கு முன்னாடி அவனவன் வண்டிக்கு அடியில ஒரு தடவை குனிஞ்சு பாத்துட்டு வந்து திட்டுங்க."

ஒரு டிரைவர் மட்டும் நகர்ந்து, தன் லாரியின் பின்பக்கம் போய்க் குனிந்தார். ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணே," என்றார் கடைசியில், குனிந்தபடியே. "கொஞ்சம் இங்க வாங்களேன்."