எழுந்திருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை

என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அண்ணன்தான் பேசினார். சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுக் கூடம். அண்ணன் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒன்றைச் சொன்னால் குடும்பத்தில் அதுவே முடிவு. என் இரத்தப் பரிசோதனைச் சீட்டை எப்படியோ பார்த்திருக்கிறார்.

"தம்பிகிட்ட ஒண்ணும் கேக்காதீக. அவனுக்கு ஈரல் கெட்டுப்போச்சு. எல்லாம் தண்ணியடிச்சுதான்."

நான் அடுத்த அறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் நான். ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. ஆனால் முகம் கறுத்துப்போயிருந்தது, விரல் மூட்டெல்லாம் வலி, மத்தியானம் ஆனால் சாக்பீஸ் பிடிக்கத் தெம்பில்லை. வெளியே வந்து நான் மறுத்தபோது, குடிப்பவன் மறுப்பதைக் கேட்பதுபோலக் கேட்டார்கள். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. மகள் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர்தான் நோயைக் கண்டுபிடித்தார். சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை என் உடம்பு அளவுக்கு மேல் இழுத்து, ஈரலிலும் மூட்டிலும் சேர்த்துவைக்கிறதாம். பிறவியிலேயே வருவது. வாராவாரம் ஒரு பை இரத்தத்தை எடுத்துவிடுவதுதான் வைத்தியம்.

"கூடப்பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களும் கட்டாயம் பரிசோதிக்கணும்" என்றார்.

"ஒரு அண்ணன்" என்றேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

முதல் தடவை பை நிறையும்வரை ஒன்றுமில்லை. ஊசியை எடுத்ததும், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சட்டென்று எழுந்தேன். காதுக்குள் அணைக்கட்டில் தண்ணீர் விழுகிற இரைச்சல். உதடு மரத்தது. முதுகில் குளிர்ந்த வியர்வை. சுவர் மஞ்சளாகி, பிறகு கறுத்தது. கண் திறந்தபோது கால்களுக்கு அடியில் தலையணை இருந்தது. நர்ஸ் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, என்னைப் பாருங்க! கண்ண மூடாதிய! எடுத்த உடனே எந்திரிக்கக் கூடாது. கால் மணி நேரம் படுத்துட்டு, பொறவு பையப் பைய எந்திரிச்சு உக்காந்து, அதுக்கப்புறம்தான் நிக்கணும்."

அவள் கொடுத்த சர்பத்தைக் குடித்தபடி, அதே கட்டிலில் அண்ணன் கிடப்பதாக நினைத்துப் பார்த்தேன். நெடுநாளைக்குப் பிறகு எனக்குப் பிடித்திருந்த ஒரு நினைப்பு அது.

"அவுகளுக்கும் இருந்துச்சுன்னா? ஒரு போன் போட்டுச் சொல்லுங்க" என்று என் மனைவி நச்சரித்தாள்.

"அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றேன்.

அடுத்த மாதம் ஆழ்வார்திருநகரியில் உறவுக்காரர் ஒருவரின் புதுவீட்டுப் பால்காய்ச்சு. பந்தியில் எனக்கு எதிரே அண்ணன். முகம் என்னைப் போலவே கறுத்திருந்தது. விரல் முட்டிகளை நீவிக்கொண்டிருந்தார். இலை போட்டு எல்லோரும் உட்காரும்வரை பொறுத்திருந்து, உரக்கச் சொன்னேன்.

"அண்ணே, எனக்கு வந்தது குடியால இல்ல. பரம்பரையா வாற வியாதி. உங்களுக்கும் இருக்கும், முகத்தப் பாத்தாலே தெரியுது. இல்ல, நீங்களும் தண்ணியடிக்கீகளோ?"

யாரோ சிரித்தார்கள். அண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

பரிசோதித்ததில் என்னைவிட அவருக்குத்தான் இரும்பு அதிகம். அவர் மகன் வெளிநாட்டில். "ஏலே, ரத்தம் எடுக்கணுமாம், கூட வாறியா?" என்று போனில் கேட்டார். போனேன். பாசத்தில் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அன்றைக்கு இருந்தது வேறொரு நர்ஸ். ஊசியை எடுத்துப் பஞ்சை ஒட்டியவளை யாரோ வெளியே கூப்பிட, போய்விட்டாள். அண்ணன் கால்களைத் தொங்கவிட்டார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படுத்திருங்க என்று ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினேன்.

எழுந்து இரண்டு எட்டு வைத்தார். முகம் சாம்பலானது.

"ஏலே… கண்ணு தெரியலலே…"

கை திரைச்சீலையைத் தேடியது. முழங்கால் மடங்கிப் பக்கவாட்டில் சாய்ந்தார். கட்டில் கால் நெற்றியைக் கீறியது. மூத்திரத்தில் வேட்டி நனைந்தது. அதையும் பார்த்த பிறகுதான் நான் நர்ஸைக் கூப்பிட்டேன்.

காலைத் தூக்கிவைத்துப் படுத்திருந்தபோது கேட்டார். "உனக்கும் இப்படித்தான் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்களும் அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே கடையில் வேட்டி வாங்கிவந்து, நானே கட்டிவிட்டு, வாடகைக் காரில் அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

வீட்டில் மனைவி கேட்டாள். "எப்படி இருந்தாக?"

"மயங்கி விழுந்துட்டார்."

"நீங்க எங்க இருந்திய?"

"பக்கத்துலதான்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். வருத்தம் வருமா என்று சில நாள் நானும் காத்துப் பார்த்தேன். வரவில்லை.