சந்திரமதியின் இரண்டு அங்குலம்

என் தங்கை சந்திரமதிக்கு மாப்பிள்ளை பார்த்தது ஒரே மதியத்தில் முடிந்துவிட்டது. தேக்காவில் மாடிப் புடவைக் கடை ஒன்றின் வாசலில் பிரேமை நிற்க வைத்துப் பேசினோம். அவள் இரண்டு கேள்வி கேட்டாள். அவன் இரண்டுக்கும் தப்பாகப் பதில் சொன்னான். பரவாயில்லை, இவனே போதும் என்றுவிட்டாள். ஆனால் தன் பிக்கப் வண்டிக்கு ஸ்பிரிங் தேர்ந்தெடுக்க அவளுக்கு ஐந்து மாதம் பிடித்தது. பிரேம் இதை இன்றும் போகிற இடமெல்லாம் சொல்லிக் காட்டுகிறான். புருஷன் கோணலாக அமைந்தால் தட்டிச் சரிசெய்துகொள்ளலாம், ஸ்பிரிங்கை அப்படிச் செய்ய முடியாது என்பது அவள் கட்சி.

மதி மார்சிலிங்கில் குடியிருக்கிறாள். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் எதுவானாலும் மேசை, நாற்காலி, கூடாரம் வாடகைக்கு விடுவது தொழில். அதற்காக வாங்கியதுதான் பிக்கப். பின்தட்டுக்கு மேலே கூடாரக் கம்பிகளை வைக்க ஓர் இரும்புச் சட்டம் உண்டு. அதை மறை ஆணி போட்டு முடுக்கவில்லை, பற்றவைத்தே பொருத்தியிருந்தாள். வார நாட்களில் நாற்காலி சுமக்கும் அந்த வண்டி, மாதம் ஒரு முறை எல்லைப் பாலத்தைத் தாண்டி ஜோகூருக்குப் போய்ச் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் எருமை மாதிரி புரண்டுவிட்டு வரும். சேறு மிதிப்பதற்கென்றே ஆறு வண்டிக்காரர்கள் சேர்ந்த கூட்டம் அது. அதில் பெண் இவள் ஒருத்திதான். என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த ஆறு பேரில் கியரைக் கடகடவென்று கத்தவிடாமல் மாற்றத் தெரிந்தவளும் இவள் ஒருத்திதான்.

கூட்டத்துக்குத் தலைவர் அப்துல் கஃபார். லிட்டில் இந்தியாவில் பயணப்பெட்டிகள் விற்கிறார். தன் வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தி வைத்திருக்கிறார். அவர் உயரத்தை யாரும் உயர்த்தாததால், இருக்கையில் ஏற ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் கூடவே வரும்.

சென்ற ஆண்டின் கடைசிப் பயணத்தில் மதியின் வண்டி மாட்டிக்கொண்டது. தோட்டத்து லாரிகள் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் மண் திட்டாக நின்ற பாதை. மற்ற வண்டிகள் தாண்டிவிட்டன. இவள் வண்டியின் வயிறு திட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. கல்லில் வைத்த தவளை மாதிரி நான்கு சக்கரமும் சும்மா சுற்றின. கயிறு கட்டி இழுத்து வெளியே எடுப்பதற்குள் எல்லோருடைய சாப்பாடும் ஆறிப்போயிற்று. வண்டி மாட்டியதைக்கூட மன்னித்திருப்பார்கள். ஆறின சாப்பாட்டை மன்னிக்கவில்லை.

அதன் பிறகு அவளை நடுவில் ஓட்டச் சொன்னார்கள். முன்னால் இரண்டு வண்டி, பின்னால் மூன்று. பீங்கான் சாமான் கொண்டுபோவது போல. மதிக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவள் ஆசைப்பட்டது கடைசி இடத்துக்கு. வரிசையில் கடைசியாக வரும் வண்டிதான் சிக்கிக்கொண்டவர்களை இழுத்துவிட வேண்டும், யாரையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தைக் கொடுத்தால் ஆளை நம்புகிறார்கள் என்று அர்த்தம். அதைக் கஃபாரிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"முதல்ல வண்டியத் தூக்கு தங்கச்சி," என்றார் அவர். "ஜூலைல ஆத்தைத் தாண்டப் போறோம். தூக்காம வந்தா உனக்கு இடமே இல்ல. தூக்கிட்டு நேரத்துக்கு வந்தா கடைசி இடத்தப் பத்திப் பேசலாம்."

வண்டியைத் தூக்குவது என்றால், பழைய ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் கழற்றிவிட்டு நீளமானதாகப் போடுவது. லிஃப்ட் கிட் என்று பெட்டியாகவே விற்கிறார்கள். எத்தனை அங்குலம் என்பதுதான் கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா சாப்பாட்டுக் கடைகளில் கூட்டம் கூடி இதை ஆராய்ந்தது. பிரியாணி வருவதற்கு முன் நான்கு என்றவர்கள், சாப்பிட்டு முடித்ததும் ஆறு என்றார்கள். ஒருவர், பெண் ஓட்டுகிற வண்டிக்கு ஒன்றே போதும் என்றார். அவருடைய தே தாரிக் டீயை மதி எடுத்துக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

நேராக வீட்டுக்கு வந்து எனக்குப் போன் செய்தாள். அளவு நாடாவுடன் போனேன். அவள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் திறந்த வெளியில் வண்டி நிறுத்த இடமில்லை, பலமாடிக் கார்ப்பேட்டை மட்டும்தான். அதன் வாசலில் உயர வரம்பு இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறது. வெளியேறும் வழியில் குறுக்கே ஓடும் கான்கிரீட் உத்தரத்தையும் அளந்தோம், அதுவும் அதே உயரம். பிறகு தரையிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டம் வரை அளந்தோம். நான்கு அங்குலம் உயர்த்தினால் வண்டி தெருவில்தான் படுக்க வேண்டும். இரண்டு அங்குலம் என்றால் இரண்டு விரல் இடைவெளி மிஞ்சும். மூன்று தடவை அளந்து பார்த்தேன், மாறவில்லை. மதி இரண்டு அங்குலம் என்று முடிவு செய்தாள். கஃபார் கேட்டுவிட்டு, இரண்டு அங்குலம் என்பது உயர்வா, வீக்கமா என்றாராம்.

காக்கி புக்கிட்டில் ஆ கியோங் என்பவரின் பட்டறை. வண்டியை மாற்ற அரசாங்க ஒப்புதல் வாங்குவது, சோதனைக்குக் கொண்டுபோவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் அங்குலத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. வண்டியில் வழக்கமாக எவ்வளவு சுமை இருக்கும் என்று கேட்டார். பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங் மூன்று வகையில் வருமாம். காலி வண்டிக்கு மெல்லியது, பாதிச் சுமைக்கு நடுத்தரம், எப்போதும் சுமக்கும் வண்டிக்குத் தடித்தது. மதி கொஞ்சமும் யோசிக்கவில்லை. எப்போதுமே முழுச் சுமைதான் என்றாள். அது பொய்யில்லை. ஒரு வீட்டிலிருந்து திரும்பும் நாற்காலிகள் மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போகும், இரவில் வண்டியிலேயே தூங்கும். தட்டு காலியாக வண்டி வீட்டுக்கு வந்ததே இல்லை என்று சொல்லலாம். அதனால் தடித்த ஸ்பிரிங்கையே போட்டார்கள். சோதனையில் தேறியது. சுமையோடு கார்ப்பேட்டைக்குள் போனது. நான் இறங்கி இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன். சரியாக நுழைந்தன.

பயணம் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் பக்கத்து புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு மலாய்க் கல்யாணத்துக்கு மேசை நாற்காலி கேட்டிருந்தார்கள். மதி வண்டியைக் கார்ப்பேட்டையில் நிறுத்திவிட்டு, தள்ளுவண்டியில் வைத்து எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கடைசியாகக் கூடாரக் கம்பிகளும் போயின. தட்டைத் துடைத்தாள். இழுக்கிற கயிற்றைச் சுருட்டி வைத்தாள். காலையில் பிரேமுக்குப் பதிலாக நான் கூடப் போவதாக ஏற்பாடு. பிரேமுக்குப் பேருந்தில் போனாலே தலைசுற்றும்.

காலையில் வண்டி வெளியேறும் வழிக்கு வந்தது. நான் முன்னால் நடந்து கையசைத்துக்கொண்டிருந்தேன். உத்தரத்துக்கு ஒரு முழம் முன்னால் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. நிறுத்தச் சொன்னேன். வண்டியின் பின்பக்கம், காலை உதறிப் படுக்கையிலிருந்து எழுந்த மாதிரி உயர்ந்திருந்தது. சட்டம் உத்தரத்தைவிட இரண்டு விரல் மேலே இருந்தது. தடித்த ஸ்பிரிங் சுமையில்தான் அமுங்கும். சுமையில்லாவிட்டால் நிமிர்ந்து நிற்கும். நாங்கள் மூன்று தடவை அளந்ததும் சுமையோடு.

மதி கஃபாருக்குப் போன் செய்தாள். அவர் கூட்டத்தோடு உட்லண்ட்ஸ் பெட்ரோல் நிலையத்தில் காத்திருந்தார்.

"கார்ப்பேட்டைய விட்டு வெளிய வர முடியல பாய்."

"உள்ள எப்படிப் போச்சு?"

"நாற்காலியோட போச்சு."

"அப்ப நாற்காலியோட வா. ஏழரை வரைக்கும் நிப்பேன். அதுக்கு மேல முடியாதுலா."

டயரில் காற்றை இறக்கினோம். ஒன்றரை விரல் தாழ்ந்தது. அதற்கு மேல் இறக்கினால் டயர் கழன்றுவிடும். நானும் தூக்கக் கலக்கத்தில் இருந்த பிரேமும் தட்டில் ஏறி உட்கார்ந்தோம். வண்டி எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. பிரேம் ஒல்லி. அவனைச் சுமை என்று ஸ்பிரிங் ஏற்றுக்கொள்ளவில்லை, மதி மட்டும்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.

நாற்காலிகளைத் திருப்பி எடுத்து வரலாம் என்று போனால், கல்யாணச் சமையலுக்கு வந்த பெண்கள் அவற்றில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் வயதான மலாய் அம்மாக்கள். மதி அவர்களிடம் மலாயில் விஷயத்தைச் சொன்னாள். நாற்காலி வேண்டாம், நாற்காலியில் இருப்பவர்கள் வந்தால் போதும் என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. இப்படிக் கேட்டால் செருப்பைத்தான் எடுப்பார்கள் என்று நினைத்தேன். அவர்களோ ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்து, யார் யார் போகலாம் என்று வெகு நியாயமாகப் பேசி எட்டுப் பேரைப் பொறுக்கினார்கள். விட்டுப்போன ஒருத்திக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவள் ஒரு அரிசி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பதாவதாக ஏறினாள்.

வண்டி பெருமூச்சு விட்டது போல அமுங்கியது. நான் பக்கத்தில் நடந்துகொண்டே உத்தரத்தைப் பார்த்தேன். வண்டியும் என் நடை வேகத்தில்தான் வந்தது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு விரல் இடைவெளியில் சட்டம் கடந்து வெளிச்சத்துக்கு வந்தது. அங்கேயே இறங்கச் சொன்னபோது இன்னொரு சுற்று போகலாமே என்றார்கள்.

பெட்ரோல் நிலையத்தில் காற்றடித்து முடித்தபோது ஏழரை தாண்டி ஆறு நிமிடம். கஃபார் நின்றிருந்தார். கதையைக் கேட்டுச் சிரித்து, முக்காலியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் பேச்சை மாற்றவில்லை.

"வந்தது சந்தோஷம். நேரத்துக்கு வரல. மூணாவது வண்டி நீதான்."

மதி வண்டியை மூன்றாவது இடத்துக்குக் கொண்டுபோனாள். தார்ச்சாலை முடிந்து மண் பாதை தொடங்கியதும் வண்டியின் பின்பக்கம் ஆட்டுக்குட்டி போலத் துள்ள ஆரம்பித்தது. தடித்த ஸ்பிரிங்குக்கு மேலே ஒன்றும் இல்லை. பின்சக்கரம் தரையில் நின்றால்தானே பிடிக்கும். என் பல்லும் தாடையும் தனித்தனியாகப் பேசிக்கொண்டன. ஆற்றுக்கு முன்னால் வண்டிகள் நின்ற இடத்தில் அவள் இறங்கிப்போய், எல்லோருடைய சாமானையும் தன் வண்டியில் ஏற்றச் சொன்னாள். தண்ணீர்க் கேன்கள், கூடாரங்கள், உபரி டயர்கள், அடுப்பு, சோற்று அண்டா.

"எல்லாருடைய சுமையும் உனக்கெதுக்கு?" என்றார் கஃபார்.

"என் ஸ்பிரிங் அதுக்குத்தான் பாய் செஞ்சது. சோறும் என்கிட்ட இருக்கட்டும். என்னை விட்டுட்டுப் போக யாருக்கும் மனசு வராது."

அவர்களுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. மளமளவென்று ஏற்றிவிட்டார்கள். பின்பக்கம் அமுங்கி, வண்டி சமமாக நின்றது. அப்போது நான்காவது வண்டிக்காரர், இவ்வளவு கனத்தோடு முன்னால் போனால் பாதை உழுதது போலாகிவிடும், பின்னால் வருகிறவன் எப்படி வருவான் என்று கேட்டார். கஃபார் சேற்றைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார்.

"சரி. இன்னைக்கு மட்டும் கடைசியா வா."

ஆற்றில் தண்ணீர் முழங்கால் அளவுதான். வண்டி அசையாமல் தாண்டியது. அக்கரையில் ஏறினால், போன வருடம் உட்கார்ந்துபோன அதே மாதிரித் திட்டு, இன்னும் உயரமாக. மதி வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் என் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன், வண்டிக்கு உதவுமே என்று. அடியில் புல் உரசும் சத்தம் கேட்டது. மண் இடிக்கும் சத்தம் வரவே இல்லை. பின்சக்கரம் இரண்டும் மண்ணைக் கடித்துப் பிடித்து எங்களை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தன.

அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன. இரண்டாவது வண்டி வாய்க்காலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறதாம். யார் யாரோ வாக்கிடாக்கியில் யோசனை சொன்னார்கள். பிறகு கஃபாரின் குரல் மட்டும் வந்தது.

"எல்லாரும் ஓரமா ஒதுங்குங்க. கடைசி வண்டி, முன்னால வா. கயிறு இருக்குல்ல?"

"இருக்கு பாய்," என்றாள் மதி. கியரை மாற்றினாள். என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இறங்கிக் கயித்தை மாட்டு. ஷூவைக் கழட்டாத, வாய்க்கால்ல அட்டைப்பூச்சி இருக்கும்."