ஹார்ட்ஸ் மலையில் கொளுத்திய கற்பூரம்

படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் வோன்மொபில் ஒன்றை ஹம்பேர்க்கில் வாடகைக்கு எடுத்தோம். ஹார்ட்ஸ் தேசியப் பூங்காவின் மலைப்பாதையில் ஏறும்போதுதான் மனைவிக்கு நினைவு வந்தது.

"அவசரத்தில தேங்காய் உடைக்காம வந்திட்டமப்பா. மனசுக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

இருபுறமும் வண்டு அரித்துப் பட்டுப்போன மரங்கள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை சாம்பல் நிறத்தில் நின்றன. வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்தினேன். நெருப்பு மூட்டக் கூடாதென்ற பலகையை வாசித்தேன். ஒரு கற்பூரம்தானே என்று நினைத்தேன்.

சமையலுக்கென்று கொண்டுவந்த தேங்காயின் மேல் கற்பூரத்தைக் கொளுத்தி வண்டியைச் சுற்றி வரும்போது காற்று அடித்தது. எரியும் கட்டி உருண்டு காய்ந்த புல்லில் விழுந்தது. தீ ஓடியது. நான் விறைத்துப்போய் நின்றேன்.

பக்கத்து வண்டியிலிருந்த வயதான ஜெர்மன் பெண்மணி ஓடிவந்து, தன் மேலங்கியைக் கழற்றி அடித்தார். அதுவும் பற்றிக்கொள்ள, வெறும் கையால் அமர்த்தினார்.

அவர் கைகளுக்குக் கட்டுப் போட்டபடி, தீ எப்படிப் பிடித்தது என்று, தகவல் அறிந்து வந்த தீயணைப்புப் படையினர் கேட்டார்கள்.

"உண்மையைச் சொல்லுங்கோப்பா," என்றாள் மனைவி தமிழில்.

"யாரோ சிகரெட் போட்டிருக்கலாம்," என்றேன் ஜெர்மனில். தேங்காய் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அந்தப் பெண்மணி எல்லாவற்றையும் கண்டவர். என்னைப் பார்த்தார். பிறகு கட்டுப் போட்ட கைகளோடு தன் வண்டிக்குத் திரும்பி நடந்தார்.

இப்போதெல்லாம் கோயிலில் ஐயர் கற்பூர தீபத்தோடு வரும்போது எல்லோரும் கையை நீட்டித் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.