சிவப்புக் கோட்டிலிருந்து விலகிய எழுத்து

மழை விட்டு, தெருவில் மறுபடி தறிக்கான நூல் பாவு விரிக்கத் தொடங்கும் நாளில் நான் நோட்டை எடுப்பேன். அந்த மழைக்காலம் எப்படிப் போனது, எங்கே ஒழுகியது, யாரோடு சண்டை, யார் வீட்டில் கல்யாணம் என்று ஒரு பக்கம் எழுதி வைப்பது வழக்கம். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. மகள் ஒன்றாம் வகுப்புப் படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து அவள் சிலேட்டில் நானும் எழுதிப் பழகினேன். ஆனாலும் என் கையெழுத்தை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஒரே நோட்டில் ஏழு மழைக்காலம் எழுதியிருக்கிறேன்.

இந்த வருடம் எழுத உட்கார்ந்தபோது, சும்மா முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். முதல் வருடத்து எழுத்து, இடது ஓரத்துச் சிவப்புக் கோட்டை ஒட்டி நேராக இறங்கியிருந்தது. நாலாவது வருடத்தில் கோட்டுக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு விரல் வைக்கலாம். ஆறாவதில் இரண்டு விரல். போன வருடத்துப் பக்கத்தில் மூன்று விரல் வைத்தேன். இன்னும் இடம் இருந்தது.

வேண்டுமென்று நான் அப்படி எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் ஓரத்திலிருந்துதான் ஆரம்பித்தேன் என்று கற்பூரம் அணைத்துச் சொல்வேன்.

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நோட்டைப் பார்த்தேன். நடுப்பகுதி புகைக்குள் கிடப்பது போல இருந்தது. அதற்கு இடப்பக்கம் நோட்டே இல்லை. கறுப்பாக இருந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. கையை மாற்றி இடது கண்ணைப் பொத்திப் பார்த்தேன், அதிலும் இடப்பக்கம் மங்கல்தான். அன்றைக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

பயம் கண்ணோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஐப்பசியில் நடந்தது நினைவுக்கு வந்தது.

என் வேலை பாவு பிணைப்பது. தறியில் முடிந்துபோன பாவின் இழை நுனியையும் புதுப் பாவின் இழை நுனியையும் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி ஒன்றாக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று விட்டாலும் புடவையில் கோடு விழும். இரண்டு பேர் உட்காருவோம். நான் வலது கோடியிலிருந்து, கூட வருகிறவள் இடது கோடியிலிருந்து, நடுவில் சந்திப்போம். எங்கள் தெருவில் பாவு வந்தால் முதலில் எனக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். பத்து வருடமாக என் கூட வந்தவள் அடுத்த சந்துக்காரி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

ஐப்பசியில் நாங்கள் பிணைத்த பாவில் நடுவே ஏழெட்டு இழை பிணைக்காமலே தொங்கியது. தறிக்காரர் கூப்பிட்டுக் காட்டினார். நான் யோசிக்கவே இல்லை. நாலு பேர் நிற்கும்போதே அவளைப் பார்த்து, "உன் கண்ணு எங்கம்மா மேய்ஞ்சிக்கினு இருந்துச்சு?" என்று கேட்டேன். தன் பாதியை முடித்துவிட்டுத்தான் எழுந்ததாக மெதுவாகச் சொன்னாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதோடு விட்டேனா? நாலு வீட்டில் போய், அவளைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லி வைத்தேன். அவள் இப்போது வாலாஜாபாத் பக்கம் ஒரு கம்பெனிக்கு பஸ்ஸில் போகிறாள்.

வலது கோடியிலிருந்து வரும் எனக்கு நடுப்பகுதி என்பது இடது பக்கம்.

மகளிடம் கண்ணைப் பற்றி மட்டும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கண்ணுக்குள் அழுத்தமாம். வலிக்காமல் வருடக்கணக்கில் வருமாம். எத்தனை வருடம் என்று மகள் கேட்டாள், டாக்டரம்மா சரியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்குத் தெரியும், நோட்டில் இருக்கிறது. "போன பார்வை திரும்பாது பாட்டி. இருக்கறத காப்பாத்திக்கலாம். சொட்டு மருந்த ஒரு வேளகூட விடாதீங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஐப்பசி இழையைப் பற்றி மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். சொன்னால், பாதிப் பார்வைக்காரியை யார் கூப்பிடுவார்கள்? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இழையை எப்போதோ சரிசெய்து புடவையும் போய்விட்டது. இப்படி நினைத்த என் புத்தியே எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த சந்துக்காரி வீட்டுக்குப் போனேன். கம்பெனி யூனிஃபார்மை மடித்துக்கொண்டிருந்தாள். இழை விட்டது நான்தான் என்று நின்றபடியே சொல்லி முடித்தேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"எங்கிட்ட ஏன்கா சொல்றீங்க? நான் முடிச்சனா இல்லியான்னு எனக்குத் தெரியாதா? எந்தெந்த வூட்ல சொன்னீங்களோ அங்க போய் சொல்லுங்க."

மடித்ததை ஓரமாக வைத்துவிட்டு, அதே குரலில், "காபி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். குடித்தேன்.

முதல் வீட்டில் தறிக்காரரின் அம்மா, இந்த வயதில் யாருக்குத்தான் கண் நன்றாக இருக்கிறது என்று சிரித்தாள். இரண்டாவது வீட்டில் சரி என்று மட்டும் சொன்னார்கள். மூன்றாவது வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலாவது வீடு மிச்சம் இருந்தது. அங்கே கார்த்திகைக் கடைசியில் ஒரு கல்யாணப் புடவைக்கு நான் பாவு பிணைத்திருந்தேன். குறுக்கே ஓடும் ஊடை நூல் சாயப் பட்டறையிலிருந்து வராததால் இன்னும் நெய்ய ஆரம்பிக்கவில்லை.

"ஐப்பசியில இழ விட்டது அந்தப் பொண்ணு இல்லப்பா, நான்தான். எனக்கு எடது பக்கம் தெரியல" என்று அந்த வீட்டுத் தறிக்காரரிடம் சொன்னேன்.

அவர் எழுந்து நின்றார்.

"இந்தப் பாவ யாரும்மா கூட இருந்து பிணைச்சாங்க?"

"நான் மட்டும்தான்."

அவர் தறிக்குப் போய்க் குனிந்தார். வலது கோடியிலிருந்து இழைகளைக் கையால் தடவிக்கொண்டே போனார். பாதி வரைக்கும் அவர் கை எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு தெரியவில்லை. தலையைத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும். திருப்பவில்லை. இழை விட்டிருக்கிறதா இல்லையா என்று அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று நேரே சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.