பொறுமைக்கே தீர்ப்பு

உசிலம்பட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே நாவல் படிக்கிற ஆள் நான். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் புத்தகம், பக்கம் திருப்ப முகவாய். அப்படிப் படிக்கும்போதுதான் அந்த இடம் வந்தது. ஊர்க்கூட்டத்தில் ஒருவன் நாயகன் முகத்தில் துப்புகிறான். நாயகன் துடைத்துக்கொண்டு, பாதியில் விட்ட வாய்க்காலை வெட்டப் போய்விடுகிறான். பழிவாங்கல் இல்லை, வசனம் இல்லை. எனக்குப் புல்லரித்தது. யோசித்துப் பார்த்தால் எனக்குப் பிடித்த நாயகர்கள் எல்லோருமே இந்த ரகம்தான், அடியைத் திருப்பிக் கொடுக்காதவர்கள். கல்லூரி நிறுத்தத்தில் இறங்குவதற்குள் காரணமும் பிடிபட்டுவிட்டது. இந்த ஆளை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

அப்பா மாடு விற்கப் போனபோது நடந்தது. சந்தையில் மாட்டு விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தரகர் கையின் மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து அழுத்துவார். எத்தனை விரல் என்பதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாது. விரல் குறைவாக இருந்த ஆத்திரத்தில் அப்பா, "இம்புட்டுத்தானா?" என்று விலையைச் சத்தமாகச் சொல்லிவிட்டார். தரகருக்கு அன்றைய பேரமெல்லாம் கெட்டது. சந்தையே பார்க்க அப்பாவை ஓங்கி அறைந்தார். அப்பா கீழே விழுந்த தன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டு, மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். லீவு நாள் என்று நானும் கூடப் போயிருந்தேன்.

வாசகர் வட்டம் ஒன்று பட்டிமன்றம் வைத்தது: கதைநாயகர்களை நாம் நேசிப்பது வீரத்துக்காகவா, பொறுமைக்காகவா? கேட்டதும் துள்ளினேன். நான் பொறுமை அணி, என் உயிர்த்தோழி வீர அணி. ஒரு மத்தியானம் கேண்டீனில் அவளிடம் சந்தைக் கதையைச் சொல்லி, "எங்கப்பாதான்டி என் முதல் நாயகன்" என்றேன். அவள் கண் கலங்கிக் கேட்டாள்.

கோரிப்பாளையம் பக்கத்து மண்டபம். மோட்டாருக்குச் சாமான் வாங்க வந்த அப்பா அப்படியே வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். அவளே போய், "அப்பா, சாப்ட்டீகளா?" என்று தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். பிறகு மேடை ஏறினாள்.

"நடுவர் அவர்களே, எதிரணித் தோழி பொறுமை பொறுமைன்னு இம்புட்டு உருகுறாங்களே, ஏன்னு யோசிச்சேன். அது குடும்பச் சொத்துங்க."

மண்டபம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

"அவங்க அப்பா சந்தையில விலையைக் கத்திச் சொல்லிக் கன்னத்துல வாங்குனாரு. வாங்கிட்டு என்ன செஞ்சாரு? துண்டை உதறுனாரு. மாடே வெக்கப்பட்டு அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போச்சாம். இதுக்குப் பேரு பொறுமைன்னா எங்க வீட்டு வாசப்படியும் கதாநாயகன்தான். எல்லாரும் மிதிக்கிறோம், ஒரு வார்த்தை பேசுறதில்ல."

அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். தன்னைத்தான் சொல்கிறாள் என்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் எட்டியது. அதற்குப் பிறகும் சிரிப்பை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வாயைத் திறந்தபடியே வைத்திருந்தார்.

பதில் சொல்ல என் முறை. அவள் அண்ணனைப் பற்றி எனக்கும் ஒன்று தெரியும். சொல்லியிருந்தால் மண்டபம் இரண்டுபட்டிருக்கும். மைக் முன்னால் நின்றேன். ஒரு சொல்லும் வரவில்லை. மணி அடித்துவிட்டார்கள்.

நடுவருக்கு அது போதுமானதாக இருந்தது. "இம்புட்டு வாங்கியும் வாயைத் தொறக்கல பாருங்க இந்தப் பொண்ணு. ரத்தத்துலயே இருக்கு. தீர்ப்பு பொறுமைக்கே." கைதட்டலில் கூரை அதிர்ந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இறங்கும்போது அவள் என் காதோடு, "மேடைக்காகப் பேசுனதுடி. உங்கப்பாவாலதான உனக்கு இன்னைக்கு ஜெயிப்பு" என்றாள்.

பஸ் செக்கானூரணி தாண்டியதும் அப்பா ஆரம்பித்தார்.

"செயிச்சுட்ட போல ஆத்தா."

"ம்."

"அன்னைக்கு நான் பொறுமையா நின்னேன்னு ஆரு சொன்னா?"

"நாந்தான்ப்பா."

"பயந்து நின்னேன். அந்தாளு பின்னாடி கம்போட ஆளுக நின்னாய்ங்க. கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சு. அத நீ பேர மாத்தி மேடையில ஏத்திட்ட." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தப் புள்ள பேசுனது கூடப் பெருசில்ல. அதுக்கு எப்படித் தெரியும்னு நெனச்சேன் பாரு, அதான்."

வீட்டுக்கு வந்து புத்தக அலமாரியைக் கலைத்தேன். என் நாயகர்கள் அத்தனை பேரிடமும் திருப்பி அடிக்கத் தெம்பு இருந்தது, அடிக்காமல் விட்டார்கள். அதைத்தான் இத்தனை நாள் கும்பிட்டிருக்கிறேன். தெம்பே இல்லாமல், முழங்கால் நடுங்க நின்றவன் ஒருவன்கூட நாயகன் இல்லை. எங்காவது வந்தாலும் நாலு வரி, அதிலும் சிரிப்புக்கு.

அவனை முழு நாவலுக்கு எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்தார். "எழுது. பயந்தான்னே எழுது. நடுவுல அழகு பண்ணிறாத" என்றார். இங்கே எழுதியிருப்பதும் அந்த அனுமதியில்தான்.

அவனுக்குக் கடைசிவரை பயம் போகக் கூடாது. அது பொறுமையாகவும் மாறக் கூடாது. ஆனாலும் படிப்பவர்கள் அவனை விட்டுக்கொடுக்கக் கூடாது. எப்படி என்று தெரியவில்லை. இந்த வாரம் முதல் அத்தியாயத்தைத் தொடங்குகிறேன். அதில் அவன் சந்தைக்குள் நுழைகிறான், யாரும் கை ஓங்கும் முன்பே பயந்தபடி.