சீனி போடாமல் குடித்தாலும் வருமா?

திருவொற்றியூரில் யாருக்கும் தடுமம் பிடிப்பதில்லை, ஜல்புதான் பிடிக்கும். உடன்குடியிலிருந்து வந்து மளிகைக்கடை போட்ட புதிதில், ஜல்பு என்றால் கப்பலேறி வந்த கொள்ளைநோய் என்று நம்பி, நான்கு நாள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பருப்பு நிறுத்தவன் நான். கடைசியில் வெறும் சளி. அந்த அவமானத்தால்தான், சென்ற மாதம் கழுத்தில் பாக்களவு நெறி கட்டிக் காய்ச்சலும் விட்டுவிட்டு வந்தபோது, விசைப்படகு ஓட்டும் காசிமேட்டு தேசப்பன் சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டேன்.

"ஜல்புதான் அண்ணாச்சி. சூடா இஞ்சி டீ உடு, ஓடிப்பூடும்."

விட்டேன், ஒரு நாளைக்கு எட்டு டம்ளர். பாக்கு எலுமிச்சையானது. தேசப்பனே மிரண்டுபோய் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். நெறியை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவைப் பார்த்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "இது டி செல்லுல வர்ற ரத்தப் புற்றுநோய். ரொம்ப அபூர்வம். வேகமாப் பரவும்."

சாவு பயத்தில் மனிதன் கடவுளைத் தேடுவானாம். நான் கேட்டேன்: "சீனி போடாமக் குடிச்சாலும் வருமா டாக்டர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த டீ இல்லீங்க. ரத்தத்துல காவல் காக்கிற அணு. அதுதான் கெட்டுப்போச்சு."

"வாட்ச்மேனே திருடனாய்ட்டான், அண்ணாச்சி. டீ மேல குத்தமில்ல" என்றான் தேசப்பன். குரலில் அத்தனை நிம்மதி. இஞ்சி டீ சொன்னவன் அவனல்லவா!

என் வீரம் உடனே ரயிலேறியது. "ஊருக்கு ஒரு நடை போய் வீட்டுக்காரியப் பாத்துட்டு வந்துருதேன்."

"இந்த வாரம் தாண்டினா ஆபத்து. இன்னைக்கே சேருங்க."

படிவத்தில் எழுத, கூட வந்தவர் என்ன உறவு என்று கேட்டார்கள். "தம்பி" என்றான் தேசப்பன். எழுதியவர் எங்கள் பேச்சை ஏற்கெனவே கேட்டிருந்தார். "அண்ணன் தின்னவேலி, தம்பி காசிமேடா?"

"எங்க நைனாவுக்கு ரெண்டு வூடு. இன்னான்ற இப்போ?"

ஒரு வீட்டுக்கே நடுங்கிய என் அப்பா மேலுலகத்தில் புரண்டிருப்பார்.

மனைவி நாளைக் காலை வந்துவிடுவாள். நாளையே மருந்தும் ஏற்றுகிறார்கள். கேட்குமா என்பது போகப்போகத்தான் தெரியுமாம். வெட்டிய நெறியை மெழுகில் பதித்து வைத்திருக்கிறார்கள், வருஷக்கணக்கில் கெடாதாம். ஒட்டிய சீட்டில் என் பெயர், வயது, ஊர்: திருவொற்றியூர். இருபத்திரண்டு வருஷத்தில் மறுகேள்வி இல்லாமல் இந்த ஊர் தன்னுடையதென்று ஒப்புக்கொண்டது என்னில் அந்த நெறித் துண்டை மட்டும்தான். மீதி ஆள் கட்டிலில் கிடக்கிறேன். எதிர்க்கட்டில்காரர் எட்டிப் பார்க்கிறார்.

"அண்ணாச்சி, உனுக்கு எந்த ஊரு?"